பத்துக் கிலோக் கல்

“இன்னைக்கும் கொறச்சலாம்மா? லயமே சிரிக்குது!”

கருத்தப்பாண்டி கத்தினான். அவன் அம்மா சுருளியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து எடுப்பவள் அவள். மற்ற பெண்கள் அடித்துப் பிடித்து அன்றன்றைய கணக்கை எட்டிவிடுவார்கள். இவளுக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் இடிக்கும். எடை போடுகிற கணக்கப்பிள்ளை வீரபாண்டி, அத்தனை பேர் முன்னாலும் ‘வேலைக்கள்ளி’ என்பார். இனியும் குறைந்தால் பேரை வெட்டிவிடுவதாக வேறு சொல்லியாயிற்று. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மகனுக்கு மானம் போகாமல் என்ன செய்யும்?

“நானும் குனிஞ்ச தலை நிமிராமத்தான்டா எடுக்கேன்.”

“அப்ப எடுத்த கொழுந்து எங்க போச்சு? காட்டுப்பன்னி தின்னுருச்சா?”

அவள் அடுப்பில் உலையை ஏற்றினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் இளைஞர் மன்றத்தில் ஒரே வாக்குவாதம். குமுளியில் பளு தூக்கும் போட்டி வருகிறது. எதை வைத்துப் பழகுவது?

“கர்லாக்கட்டை சுத்துனா தோளு இறுகும்டா,” என்றான் கூட்டாளி ராக்கப்பன்.

“அங்க கைப்பிடி வச்ச இரும்புக் கல்லுல்ல தருவாங்க? அதுலதான் பழகணும்,” என்றான் கருத்தப்பாண்டி.

கம்பம் டவுனில் வாங்கிய பத்துக் கிலோ எடைக்கல் ஒன்று மன்றத்தில் கிடந்தது. ஜோடிக்கு இன்னொன்று வேண்டுமே? நல்லவேளை, வீரபாண்டி ஊருக்குப் போயிருந்தார். ராக்கப்பன் வாட்ச்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி, கொழுந்து நிறுக்கும் பத்துக் கிலோக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கருத்தப்பாண்டி கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தலைக்கு மேல் ஏற்றினான். வலது கை மேலே ஏறிவிட்டது. இடது கை பாதியிலேயே நின்றது.

“என்னடா, ஒரு பக்கம் வாதமா?” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ரோஷத்தோடு இரண்டு கல்லையும் கை மாற்றிப் பிடித்தான். இப்போது இடது கை ஏறிவிட்டது. வலது கை நின்றது.

சிரிப்பு அடங்கிவிட்டது. ராக்கப்பன் எஸ்டேட் கல்லைப் புரட்டிப் பார்த்தான். அடியில் ஈயத்தை உருக்கி ஊற்றி, மேலே கறுப்புச் சாயம் பூசியிருந்தது. பக்கத்துக் கடைத் தராசில் தட்டுக்கு ஒன்றாக இரண்டையும் வைத்தார்கள். எஸ்டேட் கல் வைத்த தட்டு தொம்மென்று தரையில் இடித்தது.

“அடப்பாவி! இந்தக் கல்லை வச்சாடா நம்ம வீட்டுப் பொம்பளைக கொழுந்த நிறுத்தான் அந்தக் கணக்கப்பிள்ளை?” என்றான் ராக்கப்பன்.

கருத்தப்பாண்டி எத்தனை பேச்சு பேசியிருக்கிறான், பெற்றவளை! வீட்டுக்கு ஓடினான்.

“அம்மா, நீ கொறச்சலா எடுக்கலம்மா. கல்லுல ஈயம் ஊத்தியிருக்கான் அந்தப் படுபாவி. நாளைக்கே மேனேஜர் தொரைகிட்டக் கொண்டு போறோம். நான்தான்மா உன்னைய வாய்க்கு வந்தபடி...” அழுதுவிட்டான்.

சுருளியம்மாள் வீரபாண்டியைத் திட்டவில்லை. மகனையும் கோபிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீயாவது தெரிஞ்சுக்கிட்டியேடா. ஒங்கப்பா கடைசி வரைக்கும் என்னைய நம்பாமலே போய்ச் சேந்துட்டாரு.”