கட்டம் கட்டமாக ஒரு முகம்

“அம்மா வந்து கேட்டா, இந்தப் பழைய பெட்டிக்கு இதுக்கு மேல எதுவும் போட முடியாதுன்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா தங்கச்சி? ப்ராசஸரை மாத்தி, மெமரியைக் கூட்டினா இன்னும் அஞ்சு வருஷம் நல்லா ஓடுமே.”

“ஓட வேண்டாம்.”

போன மாதம் அன்னாபா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் லஸ்ஹரிடம் ஹயாத் பேசியது அது. அன்று சரியென்று தலையாட்டிய அதே லஸ்ஹர்தான் இன்று அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெட்டியின் மூடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தான்.

“வாக்குக் கொடுத்தீங்களே,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நான் என்ன பண்ண? உங்கம்மா நேத்து கடையில வந்து உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. வர்ற ஆளுங்ககிட்டயெல்லாம், ‘இவனுக்கு வேலை தெரியாது, வேற கடையப் பாருங்க’ன்னு சொல்லிட்டிருந்தாங்க.”

அம்மா ஸுலேகா காபியோடு வந்தாள்.

“என்ன குசுகுசுப்பு? ரெண்டு வருஷமா பிள்ளை முகத்தைக் கட்டம் கட்டமாப் பார்த்தது போதும். இன்னைக்கு முழுசாப் பார்க்கணும்.”

“அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகல. அதுக்குள்ள என்னம்மா அவசரம்?”

“நாற்பது முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஹயாத் திரும்பி நின்று, ‘இன்னைக்குக் கூப்பிடாதே’ என்று கடல் தாண்டி மார்சேயில் இருப்பவனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

அண்ணன் ஸுஹைலும் சித்தி மகன் வஹீபும் ஒரே கள்ளப் படகில் கடல் தாண்டப் போனவர்கள். மறுகரையில் உயிரோடு இறங்கியவன் வஹீப் மட்டும். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவிடமோ அம்மாவிடமோ அதைச் சொல்ல ஹயாத்துக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் வஹீப் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மங்கிய விளக்கில், ஸுஹைலைப் போலப் பேசினான். மீதியை, படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துக் காட்டிய பழைய கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

கம்ப்யூட்டரில் அழைப்பு ஒலித்தது. ஹயாத் நகர்வதற்குள் ஸுலேகா பொத்தானை அழுத்திவிட்டாள்.

படம் பளிச்சென்று வந்து நின்றது. தொப்பிக்குக் கீழே, வஹீபின் புருவத்தில் இருந்த பழைய தழும்புகூடத் தெரிந்தது.

“அம்மா, எப்படி இருக்கீங்க?”

ஹயாத் கண்களை மூடிக்கொண்டாள்.

“தொப்பியைக் கழட்டுடா வஹீப்,” என்றாள் ஸுலேகா. “முதல் வாரமே எனக்குத் தெரியும். உன் குரலைக் கேட்டாத்தான் உங்க பெரியப்பா ஒரு வாய் சாப்பிட்டாரு. அதுக்காகத்தான் நானும் பேசாம இருந்தேன். இனி அவர் இல்ல. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு... என் பிள்ளையை எங்கடா புதைச்சீங்க?”