சவுரிராயன் கொண்டுபோன சீசா

"எங்கெல்லாம் சுத்திட்டு வந்தே? வெட்கமா இல்லே?"

திண்டிவனத்து டாக்டர் அரங்கநாதன் போட்ட சத்தம் வாசல் வரிசை வரைக்கும் கேட்டது. நீர் எரிகிறது என்று ஆண்பிள்ளை வந்தால் அவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கெட்ட சகவாசம்.

சவுரிராயன் தலை குனிந்தான். டாக்டர் கேட்கும் முன்பே சீசாவில் நீர் பிடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"வேற என்ன பண்ணுது?"

"சொட்டுச் சொட்டாத்தான் போவுதுங்க. இடுப்பு வலிங்க. குளிர் ஜுரம் வருதுங்க."

டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் காணோமே?"

"ராவுல வருதுங்க."

வரிசையில் நின்ற முத்துசாமி, சவுரிராயனின் தெருக்காரன். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவன், அதை மறந்துவிட்டு இந்தச் சேதியோடு ஊருக்கு ஓடினான்.

சீசாவைச் சோதித்துவிட்டு டாக்டர் வந்தார். "நான் நினைச்ச வியாதி இல்லே. நீர்த்தாரையிலே சீழ் பிடிச்சிருக்கு. விட்டா உயிருக்கே ஆபத்து."

திட்டியது ஊருக்கே கேட்டது. இதை மட்டும் காதோடு சொன்னார். பெரிய மனிதர்கள் வழக்கம் அது.

"யுத்த காலம். இந்த மாத்திரை பட்டாளத்துக்கே பத்தலே. வீணாக்காம முழுசும் சாப்பிடணும். தண்ணி நிறையக் குடி. அடக்காதே."

"சரிங்க" என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அவன் மைத்துனன் அப்பாதுரை ஆவேசமாக வந்து நின்றான்.

"பூமாலே! கண்ட வியாதிய வாங்கிக்கினு வந்தவனோட நீ வாழ வேணாம். துணிமணிய எடுத்துக்கினு கெளம்பு!"

தெருவே கூடிவிட்டது. சாட்சி சொல்ல முத்துசாமி முன்னால் நின்றான். சவுரிராயன் மறுபடியும் தலை குனிந்தான்.

பூமாலை வெளியே வந்தாள். பாயோடு பாயாகக் கிடந்தவள், இப்போதுதான் எழுந்து நடக்கிறாள்.

"வியாதி அவருக்கு இல்லண்ணே. எனக்கு."

"அடப்பாவி! உனக்கும் ஒட்ட வச்சிட்டானா?"

"ஒட்டலண்ணே! மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கறோம். முழங்கால் உசரம்கூட இல்லாத கடலைச் செடி. ஒதுங்க மறைவு ஏது? வரப்பு மேல ஆம்பளைங்க நிக்கறாங்க. தண்ணியே குடிக்காம, வந்தாலும் பொழுது சாயறவரைக்கும் அடக்கிக்கினு இருக்கறோம். அதுல வந்துச்சு. ஆம்பளை டாக்டருகிட்ட இதச் சொல்லறதுக்கு செத்தே போறேன்னு படுத்துட்டேன். அது என் சீசாண்ணே. திட்டு வாங்கினதுதான் அவரு."

டாக்டரிடம் சொல்லக் கூசியதைத் தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, பானையில் ஒரு சொம்பு மொண்டு கடகடவென்று குடித்தாள்.

கூட்டத்தில் பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. முத்துசாமியின் பெண்சாதி வடிவு மெல்ல அவன் பக்கம் வந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் எரியுது. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல."

மறுநாள் டாக்டர் வாசலில் முத்துசாமி நின்றான், துண்டுக்குள் ஒரு சீசாவை மறைத்துக்கொண்டு.

"நீ எங்கே சுத்திட்டு வந்தே? வெட்கமா இல்லே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முத்துசாமி தலை குனிந்தான்.