தட்டினால் விடவேணும்

சில்வெஸ்டர் அந்த மனிதரின் பிடரியைப் பிடித்து வாவித் தண்ணீருக்குள் அமுக்கினான். தோணி ஒருபக்கம் சரிந்தது. நகங்கள் அவன் முழங்கையைக் கிழித்தன, இரத்தம் வழிந்தது. பிடி தளரவில்லை.

தோணி விளிம்பில் ஒரு கை படபடவென்று தட்டியது. உடனே விட்டான்.

மேலே வந்தவர் இருமினார், கக்கினார், பிறகு சிரித்தார்.

"அருமைடா! மூக்குக்குள்ள நெருப்பு வைச்ச மாதிரி எரியுது. இதைத்தான் எழுதணும்!"

உதயரூபன் மாயாஜால நாவல்கள் எழுதுகிறவர். கதையில் வாள்வீரன் மலை ஏறினால் இவரும் குடும்பிமலை ஏறுவார். அவன் காட்டில் படுத்தால் இவரும் படுப்பார். இப்போது எதிரிகள் வீரனை நீரில் அமுக்கும் கட்டம்.

"வீட்டில இருந்து யோசிச்சு எழுத ஏலாதா சேர்?"

"செய்து பாக்காம நான் ஒரு வரியும் எழுதினதில்ல."

முன்பு இவருக்குத் தோணி வலித்தவன் சில்வெஸ்டரின் தம்பி றொனால்ட். ஒருநாள் தோணி கவிழ்ந்ததென்று அவன் உடலைத் தோளில் சுமந்துகொண்டு கல்லடிக் கரையேறினார் உதயரூபன். அழுதார். முதல் நாவலை அவனுக்கே சமர்ப்பணம் செய்தார்.

"அந்தப் புத்தகத்தைப் போன கிழமைதான் மகள் டினோஷா வாசிச்சுக் காட்டினவள் சேர். மீன்காரப் பொடியனை அமுக்கிக் கொல்லுற இடம்... அவன்ட விரல் தோணிப் பலகையில தட்டித் தட்டி ஓயுமே. எனக்கு நித்திரையே இல்ல."

"எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொல்றாங்க!" உதயரூபனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இந்தமுறை கையைக் கட்டிப்போட்டு அமுக்கு. வீரனையும் கட்டித்தான் வைச்சிருக்காங்க."

"கட்டினா எப்பிடித் தட்டுவீங்க?"

"காலால உதைப்பன். விட்டிரு."

நைலோன் கயிறு மணிக்கட்டை அறுக்குமளவுக்கு இறுகியது. பிறகு கணுக்கால்களையும் சுற்றியது.

"டேய், கால் வேணாம்டா..."

தலை தண்ணீருக்குள் போனது. உடம்பு வெட்டிய மீனாய்த் துடித்தது; நெற்றி பலகையில் மோதிப் பிளந்தது. நீர் சிவந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை.

சில்வெஸ்டர் மயிரைப் பிடித்து ஒருமுறை தூக்கினான். பிதுங்கிய கண்களை நேராகப் பார்த்துக் கேட்டான்:

"றொனால்ட் தட்டக்குள்ள நீங்க ஏன் சேர் விடல்ல?"