பதினான்கு மணி நேரம்

பதினான்கு மணி நேரப் பயணத்தில் ஒன்பது முடிந்திருந்தது. காலை முழுசாக நீட்ட இடமில்லை, ஜன்னலோ திறக்காது. தலைக்கு மேலே ஓயாத இரைச்சல். செல்போனை அணைத்து மடியில் வைத்திருந்தான்.

மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்றால் இதுவரை ஏழாயிரத்து இருநூறு. கடலைத் தாண்டியாயிற்று. இன்னும் நாலாயிரம் பாக்கி.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சார், இருக்கீங்களா?" லாட்ஜ் மேனேஜரின் குரல்.

"இருக்கேன்யா. எங்க போறது?"

எங்கே போவது? விமானம் காலை ஆறு மணிக்கே பறந்துவிட்டது. விசா போலி என்று இவனைக் கவுண்டரிலேயே திருப்பிவிட்டார்கள். ஏஜெண்டின் போன் எடுக்க ஆளில்லை.

விமான நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் வந்து ஒண்டினான். "தனி ஆளா? அப்போ வீட்டு நம்பர் எழுதியே ஆகணும் சார்" என்று மேனேஜர் அடம்பிடித்தார். எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள் புகுந்தவன், இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேலே ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டது.

வீடு ஒன்றரை மணி நேரப் பஸ் தூரம்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது? ஏற்கெனவே இரண்டு வேலையைப் பாதியில் விட்டவன். "இதையாவது பாதியில விட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்று வழியனுப்பும்போது மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமனார் சிரிக்கவில்லை.

அதனால்தான் இந்தச் சிறை. விமானம் இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் பேசி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம் முன்னால் பேசினாலும் மாட்டிக்கொள்வான், அவள் கணக்கில் புலி. அதற்கப்புறம் என்ன செய்வது?

மேனேஜர் இன்னும் இரண்டு தடவை தட்டி, "சாப்பிட ஏதாவது வேணுமா சார்?" என்று கேட்டார். மனுஷனை நிம்மதியாக அழக்கூட விடமாட்டார்கள். நல்லவேளை, ஆறு மணிக்குமேல் அவர் வரவில்லை.

எட்டு மணி ஆனது. விமானத்தை விட்டு இறங்க வேண்டாமா என்று இன்னும் பத்து நிமிஷம் விட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"இறங்கிட்டேன்மா."

"அப்படியா? பிரயாணம் எப்படி?"

"சௌகரியமாத்தான் இருந்தது."

"சாப்பிட்டீங்களா?"

"பிளேன்லயே குடுத்தாங்க. வயிறு முட்ட."

"அந்த ஊர் எப்படிங்க இருக்கு?"

"ஒரே குளிரு. பல்லெல்லாம் தந்தியடிக்குது."

வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"குளிருதுல்ல? அப்போ அந்தக் கடகட ஃபேனை நிறுத்திட்டு வந்து கதவைத் திறங்க."