நாலு மணிக்குள் ஆறு ஜன்னல்

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வருவன், மகள். ஆறு ஜன்னலுக்கும் ஒழுங்கான கேர்ட்டின் தொங்கவேணும். இல்லாட்டி அந்தப் பூனையைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுடுங்க. ரெண்டில ஒண்டு!"

வீட்டுக்காரர் குஞ்சித்தம்பிக்குக் கொக்கட்டிச்சோலையில் நின்று கதைக்கத் தொலைபேசியே தேவையில்லை. அந்தத் தொண்டை வாவியைத் தாண்டியும் கேட்கும். டினோஷா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், ரெண்டு நாள் டைம் தாங்களேன்..."

"என்னத்துக்கு டைம்? பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க ஆக்கள் வாறாங்க. றோட்டில நிண்டு அண்ணாந்து பார்த்தா மூணாம் மாடியில ஒரே கந்தல். இது வீடா, வெருளி கட்டின வயல் வட்டையா?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. கல்லடியில் இந்த மாடிவீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, றொக்கற் என்கிற அந்த மஞ்சள் பூனை ஒரு ஜன்னலையும் மூடி இருக்க விட்டதில்லை. கடையில் வாங்கிய கேர்ட்டின் ஒரு கிழமை தாங்கியது. பழைய கட்டில் விரிப்பு இரண்டே நாள். பன்பாயைக் கட்டினால் நகம் தீட்ட நல்ல வசதியாய்ப் போயிற்று. கணவன் ஜொய்சன் மீன்வலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து கட்டினான். றொக்கற் அதில் உச்சி வரை ஏறி, இறங்கத் தெரியாமல் கத்தி ஊரைக் கூட்டியது.

ஆனாலும் அதை விட்டுவிட டினோஷாவால் முடியாது. ஜொய்சன் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன், பகலெல்லாம் நித்திரை. வீட்டில் அவளுடைய பேச்சுத்துணையே அந்தக் குழப்படிக்காரன்தான். அவன் இல்லாத வீட்டை நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

மாதக் கடைசி வேறு. ஏறாவூருக்கு ஓடி, ஸாஹிர் நானாவின் துணிக்கடையில் நின்றாள்.

"ஆகக் குறைஞ்ச விலையில என்ன இரிக்கி நானா? பூனை வளர்க்கிற வீடு."

"அப்ப தகரத்திலதான் கேர்ட்டின் தைக்கோணும் தங்கச்சி" என்று சிரித்தவர், மூலையில் கிடந்த வெள்ளைத் துணிச் சுருளை இழுத்து உருட்டிவிட்டார். "இது ஒருத்தரும் கேக்காத சரக்கு. சரியான மெல்லிசு. ஆனா ஆறு ஜன்னலுக்கும் காணும்."

விடிய விடியத் தைத்தாள். மறுநாள் மத்தியானம் ஆறையும் தொங்கவிட்டு, எட்ட நின்று பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, கலியாண மண்டபம் மாதிரி இருந்தது. "டேய் றொக்கற், இதில கை வச்சியோ, உன்ர கதை முடிஞ்சுது" என்று விரலை நீட்டி எச்சரித்துவிட்டு, கொஞ்சம் தலையைச் சாய்த்தவள் அப்படியே உறங்கிப்போனாள்.

கண் விழித்தபோது நாலு மணிக்கு இன்னும் பத்தே நிமிடம்.

"ஐயோ, நாசமாப் போவானே!"

ஆறும் போய்விட்டது. மேலிருந்து கீழாக நாடா நாடாவாகக் கிழித்துத் தள்ளிவிட்டு, கடைசி ஜன்னலில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது றொக்கற். வாவிப் பக்க வாசலால் புகுந்த கச்சான் காற்று, கிழிசல்களை எல்லாம் கம்பிகளுக்கு வெளியே றோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே இருந்து பார்க்க அவ்வளவு அசிங்கமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பூனையைக் குளியலறைக்குள் போட்டுப் பூட்டினாள். கதவு தட்டப்பட்டது.

குஞ்சித்தம்பிதான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"வாங்க அங்கிள்... அந்தக் கேர்ட்டின் விசயம்..."

"அதை விடுங்க மகள்" என்றார். அவருடைய தொண்டையா அது? பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "இந்த நேரத்தில கேர்ட்டினா முக்கியம்? வீடு பார்க்க வந்தவங்களையும் இன்னொரு நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிட்டன்."

"அப்ப பூனை..."

"அந்த வாயில்லாச் சீவன் இரிக்கட்டும். உங்களுக்கும் ஒரு துணை வேணுமே. எத்தனை காலமெண்டாலும் வச்சிருங்க. குஞ்சித்தம்பி சொன்னா சொன்னதுதான்."

நித்திரையில்லாமல் ஏற்கெனவே சிவந்திருந்த டினோஷாவின் கண்கள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கின. இந்த மனிதரையா நேற்றிரவு முழுக்க ஊசியும் நூலுமாக இருந்து திட்டித் தீர்த்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

"நீங்க தெய்வம் அங்கிள்!"

"அழாதீங்க மகள். மனசைத் திடப்படுத்திக்கங்க." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "தம்பி எங்க?"

"உள் அறையில கிடக்கார் அங்கிள். விடிய வந்து படுத்தவர்தான். நானும் ரெண்டு தரம் தட்டிப் பார்த்திட்டன், ஒரு அசைவுமில்ல."

குஞ்சித்தம்பி கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்து, மூக்கையும் உறிஞ்சிக்கொண்டார்.

"நல்ல பொடியன்... சரி மகள், அடக்கம் எத்தனை மணிக்கு? சந்தியில இருந்தே ஆறு ஜன்னல்லயும் துக்க வீட்டு வெள்ளைக் கொடி பறக்கிறது தெரியுது. கதிரையோட வந்த சனம் கீழ கேட்டுக்கொண்டு நிக்காங்க."

அறைக் கதவு திறந்தது. கொட்டாவி விட்டபடி வெளியே வந்த ஜொய்சன், ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"டினோ, ஆரு செத்தது?"