கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலி. கடைத்தெருவில் யாரோ யாரையோ சுட்டதில், வழியே போன தையல்காரர் ஒருவரின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. ஐந்தாம் நாள் தேறியதால், மூச்சுவிடப் பொருத்தியிருந்த குழாயை எடுத்தோம். மதியம் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு சிஸ்டர். கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க."

"இதோ வந்துடறேண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். பேச்சு சுவாரசியத்தில் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அலாரம் கேட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. குறிப்பேட்டில் "அருகில் இருந்தேன்" என்று எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து, இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த அவர் மனைவி என்னைத் தேடிப் பிடித்தார்.

"அன்னிக்கு வெளிய நின்னு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேம்மா. கடைசி வரைக்கும் அவர் கையை விடாம உக்காந்திருந்தீங்களே."

அன்று அந்த நேரத்தில் பணியில் இருந்த ஒரே பெண் நான்தான்.

"வேற யாராவதா இருக்கும்க்கா" என்றேன்.

"உங்க முகம் எனக்குத் தெரியாதா? எழுந்திரிக்கிறப்ப என்னைப் பாத்து அழுதீங்களே."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.