பதினாலு மார்க்

"அஞ்சாவது தடவை! அஞ்சாவது தடவையும் பதினாலு மார்க்! வெளியில சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க!"

அண்ணன் கத்தியது மூன்றாவது மாடியில். கேட்டது தரைத்தளம் வரைக்கும். ஜன்னலைச் சாத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கீழே இருந்தவர்களுக்கும் அது வசதியாகவே இருந்தது.

"மெதுவாப் பேசுண்ணா. அம்மா தூங்குறாங்க."

"நான் எங்கடி தூங்குறேன்?" என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து. "இவ்வளவு கூத்து நடக்குது, தூக்கம் ஒண்ணுதான் கேடு."

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நாற்பத்தொரு வயது. சின்ன விமானம் ஓட்ட உரிமம் வாங்கப் போகிறேன் என்று விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, படிக்கட்டில் கூடிப் பேசும் குடித்தனக்காரர்களிடம் அவளுக்குப் பெயர் 'பைலட்டம்மா'. மொத்தம் ஒன்பது பேப்பர். எல்லாமே சரியான விடைக்கு டிக் அடிக்கிற பரீட்சைதான். விமானச் சட்டம், வரைபடம், இன்ஜின் என்று எட்டை ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிட்டாள். ஒன்பதாவது வானிலை. அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. இருபது கேள்வியில் பதினைந்து சரியாக இருந்தால் பாஸ். அவளுக்குப் பதினாலுக்கு மேல் ஒரு மேகமும் பிடிபடவில்லை. அதைத் தாண்டாமல் பயிற்சிப் பள்ளியில் விமானத்தைத் தொடக்கூட விட மாட்டார்கள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அவனுக்கு இது மானப் பிரச்சினை.

"பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியாம என்கிட்ட வர்றாங்க. அவங்களே ரெண்டாவது தடவை பாஸ் ஆயிடுறாங்க. உனக்கு என்ன கேடு? உன்கிட்ட கேள்வி கேட்டுக் கேட்டு இப்ப நான் போய் எழுதினாலே பாஸ் ஆயிடுவேன்!"

"அப்ப நீ போய் எழுதேன்" என்றாள் அம்மா.

அண்ணி அதுவரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "எட்டு மாசமா தினம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் நாங்கதான் வந்து உக்காந்திருக்கோம். நீ பாஸ் ஆகுற வரைக்கும்னுதான் பேச்சு. ஆயுசு முழுக்கன்னு யாரும் பேசலை."

"அடுத்த மாசம் மறுபடி தேதி இருக்கு அண்ணி."

"தேதி இருக்கும். மார்க் இருக்குமா?"

"விமானம் ஓட்டுறது இருக்கட்டும்" என்றாள் அம்மா. "முதல்ல யாராவது அந்த ஃபேனை ஓட விடுங்க."

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நாலு வருஷம் ஆகிறது. பகலில் கூலிக்கு ஒரு பெண் வருவாள். சாயங்காலம் முதல் மறுநாள் காலை வரை மகள். தலையணையை ஏற்று, இறக்கு, தண்ணீர் சூடு, தண்ணீர் ஆறிப்போச்சு. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. முதல் மூன்று வருஷம் அண்ணன் வீட்டில் கெஞ்சியிருக்கிறாள், வாரத்தில் ஒருநாளாவது வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று. "எதுக்கு? உனக்கென்ன கல்யாணமா காட்சியா, எங்க போகப் போறே?" என்று அண்ணி கேட்டாள். பரீட்சை என்று சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவளை எழுப்பினால் பாவம் என்று எல்லாரும் நினைக்கிறார்களே, அந்த மரியாதை.

ஆறு மணி அடித்தால் புத்தகத்தோடு கீழே எல்லா வீட்டுக்கும் பொதுவான வாஷிங் மெஷின் அறைக்கு வந்துவிடுவாள். மூன்று மெஷின் இரையும். மேலே இருந்து கூப்பிட்டால் காதில் விழாது. துணி எடுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னது இதுதான்: புத்தகம் திறந்திருக்கும், கண் திறந்திருக்கும், பக்கம் மட்டும் திரும்பாது. மண்டையில் ஏறவில்லை, பாவம், என்று படிக்கட்டு முழுக்க முடிவு கட்டிவிட்டது.

ஆறாவது தடவையும் எழுதினாள். பதினாலு.

அந்த முறை அண்ணன் கத்தக்கூட இல்லை. அண்ணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் அம்மா போய்விட்டாள். காலையில் தலையணையை ஏற்றப் போன மகள்தான் முதலில் பார்த்தாள். அவள் அழுதாளா என்று படிக்கட்டில் இன்றுவரை இரண்டு கட்சி.

சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தான். குரல் அடியோடு இறங்கியிருந்தது.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா. ரெண்டு மணி நேரம் எந்த மூலைக்குப் பத்தும்? அதுலயும் உன்னைத் திட்டித் திட்டிப் பயமுறுத்திட்டேன். இனிமே உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. நிதானமாப் படி. ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை."

"வர்ற செவ்வாய்க்கிழமை எழுதிடுறேன்ணா."

"விளையாடுறியா? பத்து நாளா நீ புத்தகத்தையே தொடலையே!"

அவள் கட்டிலின் விரிப்பை மடித்துக்கொண்டே, "ஆமாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போனாள். இருபதுக்கு இருபது, எழுதி முடிக்க ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லையாம். அந்த மாதக் கடைசியில் விமானத் திடலுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு பதினாலையும் இந்த இருபதையும் சேர்த்துப் பார்த்த பிறகு, சாமான் ஏற்ற அண்ணனும் வரவில்லை, அண்ணியும் வரவில்லை.